கோர்ட்டு கலையும் வரை

மக்கா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. இரண்டு தடவை படித்துவிட்டு அடுப்பில் வைத்தேன். பதில் சொல்ல வேண்டியவை மனதில் இருக்கின்றன, காகிதம் தேவையில்லை. பஸ் ஷெட் விலாசத்துக்கு வரும் கடிதங்களை உங்கள் முதலாளியின் கணக்கப்பிள்ளை ஆவியில் காட்டிப் பிரித்துப் பார்ப்பார் என்று நீயே ஒரு முறை சொல்லிச் சிரித்தாய். அவருக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்றுதான் இதை நான் ஒட்டவே இல்லை. டிரைவர், கிளீனர், டிக்கெட் பரிசோதிக்கிறவர் எல்லோரையும் உட்கார வைத்து அவர் இதை உரக்க வாசிக்கட்டும். வாசித்து முடித்த பிறகு உன்னிடம் கொடுத்தால் போதும்.

நடந்ததை நீ எனக்குச் சொன்னது போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தபோது. நீ வருகிறாய் என்று சாளை வாங்கிக் குழம்பு வைத்திருந்தேன். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய், வாயில் வைக்கவில்லை. "என்ன மக்கா, மீனு நல்லால்லியா?" என்று கேட்டேன். "நல்லாத்தான் இருக்கும்மா. அண்ணைக்குக் கடவம் உருண்டு ரோடு பூரா மீனாக் கெடந்துது. அதான்" என்றாய். பிறகு எல்லாவற்றையும் சொன்னாய். புதுக்கடைச் சந்தை நாள். முன்னால் வேறு கம்பெனிப் பஸ் போய்க்கொண்டிருந்தது. அது முதலில் போய் நின்றால் சந்தைக் கூட்டம் முழுவதும் அதில் ஏறிவிடும். உங்கள் டிரைவர் தங்கையன் வளைவு என்றும் பார்க்காமல் வலது பக்கம் ஏறி முந்தினான். வலது ஓரத்தில், ரோட்டை விட்டு இறங்கி மண்ணில், தலையில் மீன் கடவப்பெட்டியோடு ஒரு பெண் இரண்டு பஸ்ஸும் போகட்டும் என்று நின்றுகொண்டிருந்தாள். கடற்கரை ஊரான இனயத்துப் பெண். பதினெட்டு வயது. கண்டக்டராகப் பின்வாசல் படியில் நின்ற நீ அவளைப் பார்த்தாய், அவளும் உன்னைப் பார்த்தாள். "அவ மேல ஒரு தப்பும் இல்லம்மா. ஓரத்துலதான் நின்னா" என்று நீ சொன்ன வார்த்தை இன்னும் இந்த அடுக்களையில் நிற்கிறது.

இப்போது எழுதுகிறாய், அந்தப் பெண் திடீரென்று குறுக்கே ஓடினாள் என்று புதன்கிழமை கோர்ட்டில் சொல்லப் போவதாக. கடவம் கண்ணை மறைத்திருக்கும் என்று வக்கீல் எடுத்துக் கொடுத்தாராம். தங்கையன் அண்ணனுக்கு நாலு பிள்ளைகள் இருக்கிறார்களாம். அவன் வேண்டுமென்று செய்யவில்லையாம். கடப்புறத்துப் பெண்தானே, அவர்கள் பங்குக் கோவிலில் பார்த்துக்கொள்வார்களாம். கேஸ் முடிந்ததும் முதலாளி உனக்கு லைசென்ஸ் எடுத்துத் தந்து ஸ்டியரிங்கில் உட்கார வைப்பதாகச் சொல்லியிருக்கிறாராம். கடைசியில் ஒரு வரி: "செத்தவள் திரும்பியா வரப்போகிறாள், நீயே சொல்லம்மா." நான் சொல்ல வேண்டும் என்று கேட்டாய் அல்லவா? சொல்கிறேன். உன் அப்பா செத்ததைப் பற்றி இத்தனை வருடமாக உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னால்தான் என் பதில் உனக்கு விளங்கும்.

சுதந்திரம் வந்த அடுத்த வருடத்துக் கும்பப்பூ அறுப்பு. உனக்கு அப்போது பதினான்கு வயது, பள்ளிக்கூடத்தில் இருந்தாய். உன் அப்பா பண்ணையாரின் வைக்கோலை சிமெண்ட் ரோட்டில் காயப் போட்டிருந்தார். கொட்டாரத்தில் எல்லோரும் செய்கிற வேலை அது. வயலில் காயப் போட்டால் அடி ஈரம் போகாது, ரோட்டில் போட்டால் ஒரு வெயிலில் சருகாகும். பாதி ரோடு வண்டிக்கு, பாதி ரோடு வைக்கோலுக்கு. ஓரத்து மண்ணிலும் கொஞ்சம் பரப்பியிருந்தது. அப்பா அந்த மண்ணில் நின்று கவைக்கம்பால் வைக்கோலைப் புரட்டிக்கொண்டிருந்தார். நான் கஞ்சி கொண்டுபோய்க்கொண்டிருந்தேன், இருபது முப்பது அடி தூரம்தான். கன்னியாகுமரிப் பக்கமிருந்து வந்த பஸ் ஒரு மாட்டுவண்டியை முந்துவதற்கு வலது பக்கம் ஏறியது, வைக்கோல் மேல் ஓடியது, ரோட்டை விட்டு மண்ணில் இறங்கி அவரை அடித்தது. ஐம்பது அடி போய்த்தான் நின்றது. டிரைவர் இறங்கி முதலில் தன் வண்டியின் முன்பக்கத்தைக் குனிந்து பார்த்தான். அதை நான் பார்த்தேன்.

வைக்கோல் மேல் சக்கரத் தடம் இரண்டு கோடாகப் பதிந்திருந்தது. எங்கே ரோட்டை விட்டது, எங்கே மண்ணில் இறங்கியது, எங்கே அவர் நின்றார், எல்லாம் குழந்தைக்குக் கூடத் தெரியும். படம் போட்டு வைத்தது போல இருந்தது. அப்போதுதான் பண்ணையாரின் காரியஸ்தன் ஓடி வந்தான். அவன் அப்பாவைப் பார்க்கவில்லை. வைக்கோலைப் பார்த்தான். "ஏட்டி, என்ன நின்னு அழுதுக்கிட்டு இருக்க? போலீசு வந்தா சர்க்கார் ரோட்டுல வைக்கல் போட்டதுக்கு மொதல்ல ஒன்னத்தான் பிடிப்பான். பண்ணையாரையும் இழுப்பான். அள்ளுட்டி! சீக்கிரம் அள்ளு!" என்றான். நான் அள்ளினேன், மக்கா. உன் அப்பா யாரோ போட்டு மூடிய ஓலைப்பாயின் கீழே கிடக்க, அவர் கையில் இருந்து விழுந்த அதே கவைக்கம்பை எடுத்து ஒரு துரும்பு விடாமல் இழுத்து ஓரத்தில் குவித்தேன். இரத்தம் பட்டதைத் தனியாகப் பிரித்தேன், பண்ணையார் மாடு தின்னாது என்று. பிறகு விளக்குமாறு எடுத்து ரோட்டையும் மண்ணையும் பெருக்கினேன். அப்பா மேல் குற்றம் வரக்கூடாது என்று நினைத்துத்தான் செய்தேன். அவருக்காகப் பேசியிருக்கக்கூடிய ஒரே சாட்சியை என் கையால் பெருக்கித் தள்ளினேன்.

ஹெட் கான்ஸ்டபிள் வந்து மகசர் எழுதினார். மகசர் என்றால் நடந்த இடத்தில் என்ன காண்கிறது என்று எழுதி ஊராரிடம் கையெழுத்து வாங்குவது. "வண்டித்தடம் எங்கம்மா?" என்று கேட்டார். நான் வைக்கோல் குவியலைக் காட்டினேன். அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, தடம் எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக்கொண்டார். எட்டு மாதம் கழித்து கோர்ட்டில் அதைத்தான் வாசித்தார்கள். பாதி மலையாளத்திலும் பாதி இங்கிலீஷிலும் பேசினார்கள், எனக்கு அரைகுறையாகத்தான் புரிந்தது. உன் புருஷன் ரோட்டின் நடுவில் நிற்கவில்லை என்பதற்கு என்ன அடையாளம் என்று வக்கீல் கேட்டார். நான் பார்த்தேன் என்றேன். பெண்டாட்டி அப்படித்தான் சொல்லுவாள் என்று சொல்லி அவர் உட்கார்ந்தார். அடுத்து அந்தப் பஸ்ஸின் கண்டக்டரைக் கூப்பிட்டார்கள். இப்போதைய உன் வயதுதான் இருக்கும். தலையைப் படிய வாரி, புதுச் சட்டை போட்டிருந்தான். வைக்கோல்காரர் நடு ரோட்டில் நின்றார், ஆரன் அடித்தும் விலகவில்லை என்றான். அவன் படியில்தான் நின்றான். அப்பா விழுந்தபோது "ஐயோ" என்று கத்தியது அவன்தான். அந்தக் கத்தல் என் காதில் இருக்கிறது. அவன் வாயில் இல்லை.

டிரைவர் குற்றவாளிதான் என்றார் மஜிஸ்திரேட்டு. வேகம் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் செத்தவரும் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறார் அல்லவா? அதனால் கொஞ்சம் அபராதம், கோர்ட்டு கலையும் வரை காவல். நான் வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டேன்.

"அப்படின்னா என்ன அண்ணாச்சி?"

"சாயங்காலம் மஜிஸ்திரேட்டு எந்திரிச்சுப் போற வரைக்கும் அவன் இங்கயே இருக்கணும்."

"பொறவு?"

"பொறவென்ன? வீட்டுக்குப் போலாம்."

நான் போகவில்லை. அந்தத் தண்டனையை அவன் எப்படி அனுபவிக்கிறான் என்று பார்க்க எதிர் பெஞ்சில் உட்கார்ந்தேன். அபராதத்தை முதலாளியின் ஆள் போய்க் கட்டிவிட்டு வந்தான். ஒரு மணிக்குக் கண்டக்டர் பையன் தூக்குச்சட்டியில் சோறு கொண்டு வந்தான், டிரைவர் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டான். முருங்கைக்காயை நன்றாகச் சப்பிச் சாப்பிட்டான். சாப்பிட்டுவிட்டுப் பெஞ்சில் சாய்ந்து தூங்கினான், வாய் திறந்து கிடந்தது. நாலரை மணிக்கு எல்லோரும் எழுந்தார்கள். அவனும் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான். அன்றைக்கு அதே கூண்டில் அவனுக்கு முன்னால் ஏறியவன், யாரோ ஒரு பெரிய மனிதரின் தோட்டத்தில் இரண்டு வாழைக்குலை வெட்டியவன். அவனுக்கு மூன்று மாதம். விலங்கு போட்டுக் கூட்டிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் அந்தப் பஸ் அதே டிரைவரோடு நம் வீட்டைத் தாண்டிப் போயிற்று. உன் அப்பா விழுந்த இடத்தில் ஆரன் அடித்துக்கொண்டு போயிற்று. ஒரு நாளைக்கு நாலு தடவை, நீ பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிற வரைக்கும், நீயும்தான் கேட்டாய்.

இன்னொன்றும் செய்தேன். போதகர் அந்த டிரைவரை நம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். அவனும் நம் சபைக்காரன்தான், சபையில் ஒரு மனஸ்தாபம் இருக்கக் கூடாதாம். "எல்லாம் ஆண்டவருக்க சித்தம் அக்கா" என்றான் அவன். நான் கருப்பட்டிக் காப்பி போட்டுக் கொடுத்தேன். நம் பெண்களுக்கு அப்படித்தான் பழக்கம், யார் வாசலில் வந்தாலும் கை தானாக அடுப்பைப் பற்ற வைக்கும். அவன் ஊதி ஊதிக் குடித்தான். அந்தக் காப்பியை அவன் முகத்தில் ஊற்றாமல் விட்டதற்காக நான் வருத்தப்படாத நாள் இல்லை. அதுதான் மன்னிப்பு என்று ஊர் சொன்னது. மன்னிப்பைப் பற்றி ஆண்டவரிடம் நான் தனியாகப் பேசிக்கொள்கிறேன், நீ அதில் தலையிடாதே. அதற்குப் பிறகு லேஸ் பின்னிப் பின்னிக் கண் மங்கிப் போய், உன் வயிற்றைக் கழுவ வேறு வழியில்லாமல், உன்னை ஒரு பஸ் முதலாளியிடம் கொண்டுபோய் நிறுத்தியதும் நான்தான். கம்பெனி வேறாக இருந்தால் ஆட்கள் வேறாக இருப்பார்கள் என்று நம்பினேன். அந்தத் தப்பும் என் கணக்கில்தான்.

இனி உன் கடிதத்துக்கு வருகிறேன். வேண்டுமென்று செய்யவில்லை என்கிறாய். கொல்ல வேண்டும் என்று அவன் நினைக்கவில்லை, சரி. முந்த வேண்டும் என்று நினைத்தானே? வளைவு தெரிந்தது, ஓரத்தில் ஆள் நிற்பது தெரிந்தது, தெரிந்துகொண்டுதான் காலை அழுத்தினான். திருடனுக்கு மூன்று வருடம் வரைக்கும் சிறை உண்டாம். வண்டியை ஓட்டி ஒருத்தியைக் கொன்றவனுக்குக் கூடிப்போனால் இரண்டே வருடமாம், அதுவும் கொடுத்தால் உண்டு. இதை எனக்குச் சொன்னது கோர்ட்டுப் பக்கம் மனு எழுதிப் பிழைக்கிற ஒருவர். வாழைக்குலைக்கு உடைமைக்காரன் உண்டு, அவன் கோர்ட்டில் வந்து நிற்பான். ரோட்டோரம் நிற்கிறவர்களுக்கு யார் உடைமைக்காரன்? சட்டம் எழுதியவர்களிடம் வண்டி இருந்தது. ரோட்டில் நடக்கிறவன் யாரும் அந்த மேசைக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. இரண்டு வருடம் என்று போட்டிருக்கிறார்கள், அந்த இரண்டு வருடத்தையாவது தங்கையன் ஒரு நாள் குறையாமல் உள்ளே கிடந்து கழிக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

நாலு பிள்ளைகள் என்கிறாய். உன்னை யார் எண்ணினார்கள்? அப்பாவை அடித்த டிரைவருக்குத் தண்டனை குறைத்தபோதும் அவனுக்குக் குடும்பம் இருக்கிறது என்றுதான் வக்கீல் சொன்னார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன், மஞ்சள் காமாலை வந்த உன்னை அடுத்த வீட்டில் படுக்க வைத்துவிட்டு. தங்கையனின் பிள்ளைகள் பட்டினி கிடக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கிடந்தால் முதலாளி சோறு போடட்டும். "முந்திப் போனாத்தான்ல வசூலு, பிந்திப் போறவனுக்கு வேலை கெடையாது" என்று ஒவ்வொரு நாள் காலையிலும் ஷெட்டில் நின்று சொல்கிறவர் அவர்தானே? அதையும் நீதான் எனக்குச் சொன்னாய். சட்டத்தில் அவரைப் பிடிக்க ஒரு பிரிவும் இல்லை. அவர் ஓட்டவில்லையாம். அதனால் புதன்கிழமை கூண்டில் நின்று அந்த வார்த்தையையும் சொல். தண்டனை கிடைக்காவிட்டாலும் அவர் காதில் விழட்டும், நாலு பேர் முன்னால் அவர் முகம் கறுக்கட்டும்.

கடப்புறத்துப் பெண்தானே என்று எழுதினாயே, அதை இரண்டாவது தடவை படித்தபோதுதான் கடிதத்தை அடுப்பில் வைத்தேன். பண்ணையாரின் காரியஸ்தன் உன் அப்பாவை எப்படிப் பார்த்தானோ அப்படி நீ அவளைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறாய். காக்கிச் சட்டைக்கே இப்படி என்றால் ஸ்டியரிங் கையில் வந்தால் என்ன ஆவாய்?

வெள்ளிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஏறிப் புதுக்கடைக்குப் போனேன். உங்கள் பஸ்ஸில் ஏறவில்லை. அங்கிருந்து இனயத்துக்கு நடந்தேன். அந்தப் பெண்ணின் பெயர் செலின். உனக்கு அது தெரியுமா என்று எனக்குத் தெரியாது, உன் கடிதத்தில் இல்லை. அவள் அம்மா மரியம்மை வீட்டில் இல்லை, சந்தைக்குப் போயிருக்கிறாள் என்றார்கள். மகளைப் புதைத்து ஒரு மாதம்தான் ஆகிறது. திரும்பவும் நடந்தேன். சந்தையில் மீன் விற்கிற பெண்களுக்கு நடுவில் அவளைக் காட்டினார்கள்.

"எங்கேருந்து வாறீய?" என்று கேட்டாள்.

"கொட்டாரம்."

"கொட்டாரத்துல மீனு கிட்டலியா? இம்புட்டு தூரம் வந்திருக்கிய?"

"மீனு வாங்க வரல்ல. அந்தப் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவனுக்க அம்மை நான்."

மீன் கழுவிய தண்ணீர் ஒரு சட்டியில் இருந்தது. அதை எடுத்து அப்படியே என் காலில் ஊற்றினாள். நான் நகரவில்லை. பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். "ஏட்டி மரியம்மை, முதலாளி ஆள் விட்டிருக்காரு பாரு. முந்தானையில என்ன முடிஞ்சு கொண்டு வந்திருக்கான்னு கேளு" என்றாள். நான் கீழே உட்கார்ந்தேன். "உனக்க மோளு ஓரத்துலதான் நின்னா. ரோட்டுல எறங்கவே இல்ல. எனக்க மவன் பார்த்தான். பார்த்ததை எங்கிட்டச் சொன்னான்" என்றேன்.

மரியம்மை கத்தியைக் கீழே வைத்தாள். "இன்னொரு தடவ சொல்லு" என்றாள். சொன்னேன். "சத்தமாச் சொல்லு. இவளுவ எல்லாருக்கும் கேக்கணும்." நான் எழுந்து நின்று சத்தமாகச் சொன்னேன். மரியம்மை அழவில்லை. "கண்ணு காணாமக் குறுக்க ஓடினான்னு போலீசு சொல்லிச்சு, கடைக்காரன் சொன்னான், எங்க ஆளுவளே சொன்னாவ. நானும் நம்பிட்டேன். தெனமும் கல்லறையில போயி அவளைத் திட்டிட்டு இருக்கேன். எங்கட்டி பார்த்துக்கிட்டுப் போன, என்னத்துக்குட்டி ஓடினன்னு" என்றாள்.

பார்த்தாயா? பெண்ணைக் கொன்றது ஒரு நிமிட வேலை. அதற்குப் பிறகு ஒரு மாதமாக, தாயின் வாயாலேயே அவளைத் திட்ட வைத்திருக்கிறீர்கள். செத்தவள் திரும்பி வரமாட்டாள் என்று எழுதினாய். அவள் பெயராவது அவள் அம்மாவிடம் திரும்பி வரட்டும்.

நான் கிளம்பும்போது மரியம்மை என் கையைப் பிடித்தாள். செதிலும் உப்புமாக இருந்த கை. "உனக்க மோன் கோர்ட்டுல சொல்லுவானா?" என்று கேட்டாள். சொல்லுவான் என்று உறுதி கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றி அந்த ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் நின்றது எனக்கு எப்படி இருந்தது என்று நீ யோசித்துப் பார். "அவன் சொல்லாட்டா நான் சொல்லுகேன்" என்றேன்.

மகன் அடுக்களையில் சொன்னதை அம்மா வந்து சொன்னால் சட்டத்தில் செல்லாது என்று உங்கள் வக்கீல் எழுந்து நிற்பார். என்னை வெளியே போகச் சொல்வார்கள். போகிறேன். அங்கிருந்து நேராகப் புதுக்கடைச் சந்தைக்குப் போவேன். அங்கே என் பேச்சு செல்லும். நீ லைசென்ஸ் வாங்கிப் பஸ் ஓட்டிக்கொண்டு வருகிற ஒவ்வொரு சந்தை நாளும், உன் பஸ் வந்து நிற்கிற இடத்தில் மரியம்மையோடு நானும் நிற்பேன், ஏறுகிற ஒவ்வொருவரிடமும் ஓட்டுகிறவன் யார், அவன் என்ன பார்த்தான், என்ன சொன்னான் என்று சொல்லுவேன். உன் அப்பா கேஸில் பொய் சொன்ன கண்டக்டரை நான் சும்மா விட்டுவிட்டேன். உன்னை விடமாட்டேன்.

உண்மையைச் சொன்னால் வேலை போகும். போகட்டும், அதற்கு அப்புறம் பட்டினி கிடந்தாலும் இரண்டு பேரும் சேர்ந்து கிடப்போம். புதன்கிழமை நான் மரியம்மையின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். என்னைக் கண்டதும் அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வராதே. முதலில் கூண்டில் ஏறு. அவள் முகத்தைப் பார்த்துப் பேசு. பேசி முடித்து இறங்கிய பிறகு, நான் உனக்கு அம்மாவா என்று பார்க்கலாம்.